அம்பலவாசனின் பொன்னாடை

அந்த ஊர் அச்சாபீசில் யார் எழுதினாலும் அட்டையில் 'அம்பலவாசன்' என்றுதான் பேர் போடுவார்கள். மருத்துவச்சி எழுதிய பேறுகால வைத்தியம், சமையல்காரர் எழுதிய ஊறுகாய்ப் புத்தகம், யாரோ எழுதிய கோயில் புராணம், எல்லாம் அந்த ஒரே பேரில்தான். கோயில் நெல்லைத் தின்ற ஜமீன்தாரைப் பெருச்சாளியாக்கிப் பாடிய சிந்துப் பாட்டுப் புத்தகமும் அப்படியே வந்தது. அதை எழுதியவள் அங்கே புத்தகம் தைக்கும் பேச்சியம்மை.

ஜமீன்தார் சாட்டையோடு வந்து நின்றார். பின்னால் ஊரே திரண்டிருந்தது.

"எவன்டா அம்பலவாசன்? இப்பவே காட்டணும். இல்லேன்னா இங்க ஒருத்தன் கையும் மிஞ்சாது!"

பேச்சியம்மைக்குத் தைக்கிற ஊசி விரலில் ஏறியதுகூட உறைக்கவில்லை. சாட்டை அச்சாபீசின் கிழ முதலாளி பக்கம் ஓங்கியது.

"சாமி, நான் காட்டுறேன்" என்று எழுந்தாள் பேச்சியம்மை. "போன திருவிழாவில, கோயில் புராணம் எழுதின அம்பலவாசன் யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிப் பொன்னாடை வாங்கினவரை ஊரே பார்த்துச்சு. அது இப்பவும் அவர் தோள்லதான் கிடக்கு."

ஊர்க்கண் மொத்தமும் ஜமீன்தார் தோளுக்குப் போனது. ஆமென்றால் பெருச்சாளிக் கதை அவரே எழுதியதாகும். இல்லையென்றால் பொன்னாடை திருட்டாகும். சாட்டை நழுவியது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. துடைக்கக் கையில் அகப்பட்டதும் அந்தப் பொன்னாடைதான்.