புகை போகாத மடைப்பள்ளி

மருதங்குறிச்சியை ஆண்ட குமாரவீர மன்னருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். பெயர் சிங்கராயர். மனிதர் வாழ்நாளில் ஓர் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. தன் முதுகைத் தானே தேய்த்துக் குளித்ததுமில்லை. இந்தத் தகுதிகள் போதாதா? அரண்மனைக்குப் புது மடைப்பள்ளியும் குளியலறையும் கட்டும் பொறுப்பு, ராணியின் சிபாரிசில், அவர் கைக்கு வந்தது.

சிங்கராயர் முதலில் கூப்பிட்டது கொத்தனாரை அல்ல, ஓவியரை. மடைப்பள்ளியின் மேல்தளம் முழுக்க ரம்பையும் ஊர்வசியும் ஆடினார்கள். தூணுக்குத் தூண் யாளி வாயைப் பிளந்தது.

"புகை போக எங்கே வழி வைப்பது?" என்று கேட்டார் கொத்தனார்.

"ஊர்வசியின் இடுப்பில் ஓட்டை போடச் சொல்கிறாயா?" என்று சீறினார் சிங்கராயர்.

பக்கத்திலேயே குளியலறை. கண்ணாடிபோல் மின்னும் கருங்கல் தளம், அன்னப்பறவை வடிவில் தொட்டி. வெந்நீர் கொண்டுவர வசதியாக மடைப்பள்ளிக்கு ஒரு வாசல்.

"தண்ணீர் வெளியேற வடிகால்..." என்று இழுத்தார் கொத்தனார்.

"இந்தக் கல்லையா உடைப்பது? உனக்கு ரசனையே கிடையாதா?"

கட்டடம் முடிந்தது. தளம் மடைப்பள்ளிப் பக்கமாகச் சரிந்திருந்ததைச் சிங்கராயர் கவனிக்கவே இல்லை. அவர் அண்ணாந்து ஊர்வசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரண்மனையில் முணுமுணுப்புக் கிளம்பியது. சிங்கராயர் தமக்கையிடம் போய் அழுதார். ராணி மன்னரிடம் அழுதாள். மறுநாள் தண்டோரா போட்டார்கள்: "புதுக் கட்டடத்தில் குற்றம் சொல்பவர் நாடு கடத்தப்படுவார்!"

மன்னர் இன்னும் அங்கே காலடி வைக்கவில்லை. ஆனால் சாப்பாடு அங்கிருந்துதான் வந்தது. ஒருநாள் பாயசத்தை வாயில் வைத்தவர் அப்படியே துப்பினார். ஒரே புகை நாற்றம்!

"சமையற்காரிக்குக் கைப்பக்குவம் போய்விட்டது," என்றார் சிங்கராயர்.

"அப்படியானால் ஆவுடையம்மாளை நாளையோடு அனுப்பிவிடுங்கள்," என்றார் மன்னர்.

ஆவுடையம்மாள் சிவந்த கண்களோடு ஓடியது அவைப்புலவர் திருமலைக்கொழுந்தின் வீட்டுக்கு.

"ஐயா, உண்மையைச் சொன்னா ஊரை விட்டுத் துரத்துவாங்க. சொல்லாட்டி வேலை போயிடும். நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அம்மா. நான் போய் அந்தக் கட்டடத்தை வாயாரப் புகழ்ந்துட்டு வாறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடைப்பள்ளிக்குத் திரும்பினாள்.

மறுநாள் அவையில் சிங்கராயரே வலிய வந்து வம்புக்கு இழுத்தார். "என்ன ஓய் புலவரே, என் கட்டடத்தைப் பற்றி நீர் மட்டும் வாயே திறக்கவில்லையே? ஏதாவது குற்றம் கண்டீரோ?"

"குற்றமா! மகாராஜா, அந்த மடைப்பள்ளிக்குள் போய்விட்டுக் கண்ணீர் விடாமல் வெளியே வந்தவர் ஒருவர்கூட இல்லை," என்றார் திருமலைக்கொழுந்து.

"அவ்வளவு அழகா?" என்று வியந்தார் மன்னர்.

"உள்ளே நுழைந்தாலே மூச்சு நின்றுவிடுகிறது."

"குளியலறை?"

"அதை என்னவென்று சொல்வேன்! அங்கே ஊற்றிய தண்ணீர்கூட வெளியே போக மனமில்லாமல் அப்படியே நிற்கிறது!"

சிங்கராயருக்கு உச்சி குளிர்ந்தது. "கவிதை! கவிதை!" என்று கைதட்டினார். அவர் அறிவு அவ்வளவுதான்.

"மகாராஜா, கட்டியவரே அங்கே முதல் எண்ணெய்க் குளியல் எடுக்க வேண்டும். தாங்கள் அந்த மடைப்பள்ளியிலேயே அமர்ந்து உண்ண வேண்டும். சமையல் மட்டும் இன்று ஆவுடையம்மாளே செய்யட்டும். புது ஆளுக்கு அந்த இடத்தின் மகிமை தெரியாது."

மன்னர் ஒப்புக்கொண்டார்.

சிங்கராயர் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்தார். இரண்டு ஆட்கள் சீயக்காய் தேய்த்து, குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. பிறகு தாழ்ந்த வாசற்படியைத் தாண்டியது. மடைப்பள்ளியில் அடுக்கியிருந்த விறகுக்குள் புகுந்தது.

ஈர விறகு புகைந்தது. முதலில் ரம்பை மறைந்தாள். அடுத்து ஊர்வசி. வெள்ளிப் பலகையில் உட்கார்ந்திருந்த மன்னருக்குத் தன் இலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணில் தாரை தாரையாக நீர்.

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் "ஐயோ!" என்று ஓர் அலறல். எழுந்து நிற்கப் பார்த்த சிங்கராயர் எண்ணெயும் சீயக்காயும் கலந்த தண்ணீரில் வழுக்கி, வாசல் வழியே சறுக்கிக்கொண்டு வந்து, மன்னரின் சோற்றில் தலையை வைத்து நின்றார்.

மன்னர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். "புகை போக வழியில்லை! தண்ணீர் போக வழியில்லை! இதுவும் ஒரு கட்டடமா?"

"மகாராஜா, மெதுவாக, மெதுவாக!" என்று பதறினார் திருமலைக்கொழுந்து. "தண்டோராக்காரன் காதில் விழுந்தால் தங்களை நாடு கடத்திவிடப் போகிறான்!"

மன்னர் முறைத்தார். பிறகு இருமலுக்கு நடுவே சிரிப்பு வெடித்தது. அங்கேயே நின்று ஆணையை ரத்து செய்தார். ஆவுடையம்மாளை அழைத்து, வேலை அவளுக்கே என்று சொல்லி, ஒரு பட்டுச் சேலையும் கொடுத்தார். கொத்தனாருக்கு ஆள் போனது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார்.

ஆனால் கவலை தீரவில்லை. "கொழுந்து, இவரைச் சும்மா வைத்திருந்தால் ராணி என்னைச் சும்மா விடமாட்டாள். கட்டுவதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டுமே?"

தலையிலிருந்து சோற்றுப் பருக்கைகளைத் தட்டிக்கொண்டிருந்த சிங்கராயர் ஆவலோடு நிமிர்ந்தார்.

"சிறைச்சாலை கட்டச் சொல்லுங்கள் மகாராஜா," என்றார் திருமலைக்கொழுந்து. "இவர் கட்டினால், அதைப் பார்த்த பிறகு நம் நாட்டில் ஒருவனும் குற்றம் செய்ய மாட்டான்!"