தொலைந்த பாதி

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் போல இருப்பார் பேராசிரியர் வைத்தமாநிதி. பிராக்டிகல் தேர்வு நடத்த அவர் வருகிறார் என்றாலே அந்தப் பெண்கள் கல்லூரி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடும். சிஸ்டர் கொடுத்த கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்பார்.

அன்று மாட்டிக்கொண்டவள் குணசீலி. இதில் தவறினால் படிப்பு நிறுத்தம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

சரிவில் ஓடி வந்த இரும்பு வண்டி, அதே எடையுள்ள, அசையாமல் நின்ற இன்னொரு வண்டியின் மேல் மோதி, நடுவிலிருந்த களிமண்ணில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து பாதி வேகத்தில் நகர்ந்தன. இயக்க ஆற்றலில் பாதி போய்விட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டினாள்.

"பாதியா? யாரைப் பார்த்து எழுதினே?"

"நானே போட்டது சார்."

"ஆற்றல் அழியாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பாதி எங்கே? என் கண்ணுல காட்டு. இல்லேன்னா முட்டைதான்."

"களிமண்ணை நசுக்கப் போயிடுச்சு சார்."

"களிமண் வந்து உன்கிட்ட சொல்லிச்சா?"

குணசீலி களிமண்ணை வழித்தெடுத்தாள். வண்டியைச் சரிவின் உச்சிக்கு ஏற்றினாள்.

"களிமண் இருந்த இடத்துல உங்க விரலை வைங்க சார்."

வீறாப்பாக வைத்தார். வண்டி கடகடவென்று இறங்கியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பாதி எங்கே போகும்னு உங்களுக்குத் தெரியலைன்னா, விரலுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முழு மார்க் போட்டார், யாரும் பார்த்துவிடாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு.