கால்விரலில் கட்டிய கயிறு

குற்றாலத்து மலையடியில் சாரலம்மா என்று ஒருவர் இருந்தார். ஏதோ ஒரு சாரல் காலத்தில் வந்து தங்கியவர், அதனால் ஊர் வைத்த பெயர் அது. சாயங்காலங்களில் அவர் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அதில் கோமதியும் ஒருத்தி. குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கூட. சிஷ்யை குருவை ‘அம்மா’ என்பாள், குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

கோமதியிடம் ஒரு குறை உண்டு. எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அவளுடைய வலது பாதம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியாரும் திட்டி ஓய்ந்துவிட்டாள். சாரலம்மா மட்டும் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் கோமதி தனியாக வந்தாள். மலையைக் காணோம். மேகம் இறங்கி வாசல்படி வரைக்கும் வந்து நின்றது.

“அம்மா, நாளைக்குப் பிள்ளைங்க ரெண்டும் கிளம்புது.”

“எங்க?”

“மகிழ் திருநெல்வேலிக்கு, இன்ஜினியரிங். எழில் நாமக்கல்லுக்கு, மாட்டு டாக்டருக்குப் படிக்க. ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்ததும்மா. ஒருநாள்கூடப் பிரிஞ்சு இருந்ததில்ல.”

“சந்தோஷம்தானே அக்கா?”

கோமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆசைப்பட்ட படிப்பு கிடைத்த பிள்ளைகளை நினைத்து ஏன் அழுகை வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

“மகிழப் பத்திக் கவலையில்ல. எங்க போனாலும் பேசியே பொழச்சுக்கிடுவா. எழிலுக்கு வாயே கிடையாது. அவளுக்குப் பசிக்குன்னாக்கூட மகிழ்தான் வந்து சொல்லுவா. அவ வாயத் தொறந்து பேசுறது பக்கத்து வீட்டு ஆட்டுக்கிட்ட மட்டுந்தான்.”

“ஆடு என்ன சொல்லுது?”

“வெளையாடாதீங்கம்மா.” கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மகிழ் காலேஜ்லயே இவளுக்கும் ஒரு எடம் இருக்கு. ‘போகாத’ன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாமக்கல்ல விட்டுட்டு நின்னுருவா. ஏன்னுகூடக் கேக்கமாட்டா. சொல்லட்டுமா?”

இங்கே வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் விழுங்கிக்கொண்டே வந்திருந்தாள்.

சாரலம்மா கேட்டார், “அவ உங்ககிட்ட எதாவது கேட்டாளா?”

“அவளா? பெட்டிக்கு ஒரு பூட்டு வேணும்னு கேட்டா. இத்தன நாளும் ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே சாவி. அதுவும் மகிழ்கிட்டதான் இருக்கும். ‘ஏளா, ஒனக்கு எதுக்குப் பூட்டு’ன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன்.”

சாரலம்மாவின் பார்வை கோமதியின் ஆடும் பாதத்துக்குப் போனது.

“கைப்பிள்ளையா இருக்கும்போது ரெண்டையும் எப்படித் தூங்க வச்சீங்க?”

கோமதியின் முகம் சட்டென்று மலர்ந்தது. “அது ஒரு வித்தைம்மா. ரெண்டு சேலைத் தொட்டிலையும் ஒரே கயித்துல முடிஞ்சு, கயித்து நுனிய என் கால் பெருவிரல்ல மாட்டிக்கிடுவேன். கை பாட்டுக்குக் கீரை ஆயும், கால் பாட்டுக்கு ஆட்டும். மகிழ் சிணுங்கினா ரெண்டு தொட்டிலும் ஆடும். எழில் அழுததே கெடையாது. அழுறதுக்கு முன்னாலயே ஆட்டிருவேன்லா!”

“அந்தச் சேலைங்க இருக்கா?”

“பீரோவுல பத்திரமா இருக்கு.”

“எடுத்துட்டு வாங்க.”

என்ன ஏது என்று கேட்காமல் கோமதி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். வெளிறிப்போன இரண்டு நூல் சேலைகள். கூடத்து உத்தரத்தில் இரண்டையும் தொங்கவிட்டாள். சாரலம்மா கொடுத்த கயிற்றால் இரண்டையும் சேர்த்து முடிந்தாள். நுனியைப் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கை மறந்ததெல்லாம் காலுக்கு நினைவிருந்தது. தொட்டில்கள் ஆடின.

“கண்ண மூடிக்கோங்க,” என்றார் சாரலம்மா.

மூடினாள். வாசலில் நின்ற மேகம் உள்ளே வந்துவிட்டது போலிருந்தது. முகத்தில் ஈரம். கூடம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அருவிச் சத்தம் தூரத்தில் ஒரு தாலாட்டுப் போலக் கேட்டது. தொட்டில்கள் கனத்தன. ஒன்றில் மகிழ் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் எழில் கண்ணைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வாசனை வந்தது. இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று கோமதிக்கு இருந்தது. நாளை என்று ஒன்று வராமலே போனால் யாருக்கு என்ன நஷ்டம்? எழில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோமதி அவசரமாகக் காலை ஆட்டினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். மறுபடி வாயெடுத்தாள். மறுபடி ஆட்டினாள்.

திடுக்கிட்டு விழித்தாள்.

தொட்டில்கள் சாரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று வாசலைத் தொடுவது போல வீசி வீசி ஆடியது. மற்றது சின்னதாக, தன் போக்கில் ஆடியது. நடுவில் கயிறு இல்லை. சாரலம்மாவின் மடியில் அது சுருண்டு கிடந்தது.

“எப்பம்மா அவுத்தீங்க?”

“நீங்க கண்ண மூடின ஒடனேயே.”

கோமதி குனிந்து பார்த்தாள். வலது பாதம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

“அப்போ இவ்வளவு நேரமும் நான் எதைத்தான் ஆட்டினேன்?”

“உங்க காலை, அக்கா.”

கோமதி இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பாதம் உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்லத்தான் நின்றது. நின்றதும் உடம்பெல்லாம் வெறிச்சென்று ஆனது. வாய்விட்டு அழுதாள். சாரலம்மா தடுக்கவில்லை. எழுந்து தொட்டில்களை அவிழ்த்து, சேலைகளை உதறித் தனித்தனியாக மடித்தார்.

அழுது முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கோமதி கேட்டாள், “எழில்கிட்ட நான் என்னம்மா சொல்லட்டும்?”

சாரலம்மா சேலைகளை அவள் கையில் கொடுத்தார்.

“கடை சாத்திருவான் அக்கா. கெளம்புங்க. பூட்டு வாங்கணும்ல?”