இருநூற்றுப் பத்து மைல்

“அம்மா, இது நடந்ததா, இல்ல சும்மா கட்டிவிட்டதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கட்டிவிட்டதுன்னா நாளைக்குக் காலையில நான் கிளம்புதேன்.”

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவி. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர்.

ஆவுடையப்பன் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவர். கடவுளே நேரில் வந்து நின்றாலும் எல்லைக்கல் எங்கே என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர், ஒரே ஒரு அத்தியாயத்தைக் கேட்டு உருகிப்போய்த்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் மடத்தில் வந்து ஒண்டினார்.

மடத்துப் புராணத்தில் வருகிற அத்தியாயம் அது. ராஜா எல்லையில் போரில் இருக்கிறார். தலைநகரில் மகன் உயிருக்கு ஊசலாடுகிறான் என்று உச்சிவேளையில் ஓலை வருகிறது. ராஜா குதிரை ஏறுகிறார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மகனின் கட்டிலருகே நிற்கிறார். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து ஒரு வாய் புகட்டுகிறார். பிள்ளை குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறான்.

திங்கள்கிழமைதோறும் இதைப் படிப்பார்கள். முடிந்ததும், படித்தவர் செம்போடு வந்து கேட்டவர்களின் கையில் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவார். குடிப்பதற்கு முன்னால், இறந்துபோன தம்மவர் ஒருவரின் பேரைச் சொல்ல வேண்டும். மடத்து வழக்கம் அது.

ஆறு வருஷமாகப் படிப்பதும் ஊற்றுவதும் ஆவுடையப்பன்தான். கடைசியில் தன் கையிலும் ஊற்றிக்கொண்டு “கோமதி” என்பார்.

கோமதி யாரென்று புதிதாக வந்தவர்கள் கேட்டால் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். மகள். பத்தொன்பது வயசு. மஞ்சள்காமாலை. கடைசி வாய்த் தண்ணீரை அவர் கையால்தான் குடித்தாள். ராஜாவுக்குக் கிடைத்த கொடுப்பினை தனக்கும் கிடைத்ததாம்.

மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். போன வாரம் மடத்துக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறேன் என்று வரைபடத்தை விரித்தார். பழக்க தோஷம், அளந்துவிட்டார். ராஜா போரில் இருந்த எல்லைக்கோட்டைக்கும் தலைநகருக்கும் இருநூற்றுப் பத்து மைல். உச்சிவேளைக்குக் கிளம்பி விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்கிற குதிரை உலகத்தில் இல்லை.

“ராஜா வரலைன்னா உங்களுக்கு என்ன அண்ணாச்சி?” என்றார் வடிவம்மை.

“எனக்கு என்னவா? ஆறு வருஷமா அந்தப் பொய்ய நான் சத்தம்போட்டுப் படிச்சிருக்கேன். எம் மக பேரைக் கொண்டுபோய் அதுமேல வச்சிருக்கேன்.”

வடிவம்மை கீரையை ஒதுக்கி வைத்தார். அந்த வரைபடத்தையும் பென்சிலையும் கொண்டுவரச் சொன்னார்.

“இன்னொண்ணு அளக்கணும். கோமதிக்கு ரொம்ப முடியலைன்னு போன் வந்தப்ப எங்க இருந்தீங்க?”

நீலகிரியில், கூடலூரில். ஆவுடையப்பன் ஒரு புள்ளி வைத்தார்.

பிள்ளை எங்கே இருந்தது என்று வடிவம்மை கேட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். இன்னொரு புள்ளி. சொல்லாமலே இரண்டுக்கும் நடுவில் சாலையைத் தொட்டுத் தொட்டு அளந்து, ஓரத்தில் குறித்தார். முந்நூற்றுச் சொச்சம் மைல்.

“போன் எத்தனை மணிக்கு?”

“மத்தியானம் பன்னிரண்டு அடிச்சிருக்கும்.”

“எதுல போனீங்க?”

பஸ்ஸில்தான். ஊட்டி, கோயம்புத்தூர், மதுரை என்று மூன்று இடத்தில் வண்டி மாறினார். மதுரையில் மட்டும் ரெண்டு மணி நேரம் காத்துக் கிடந்தாராம்.

“ஆஸ்பத்திரிச் சீட்டுல உசிர் போனது என்ன நேரம்னு போட்டிருக்கு?”

அந்தச் சீட்டு அவருக்கு மனப்பாடம்.

“சாயங்காலம் ஆறு...”

பென்சில் நின்றுவிட்டது.

தாளைப் பார்த்தார். புள்ளிகளைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அளவு ஒருநாளும் தப்பியதில்லை.

விடிகிற நேரத்துக்குத்தான் போய் இறங்கியிருக்கிறார். விரிப்பு உருவிய கட்டில். மேலே ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. மருந்து வாங்க நான் கீழே போயிருந்தேன், தண்ணி கேட்டாளாம், பக்கத்துக் கட்டில்காரம்மாதான் கொடுத்தாங்களாம் என்று அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த யாரோ, கடைசி நேரத்தில் நீங்கள் கிட்டே இருந்தீர்களா என்று கேட்டார்கள். இருந்தேன், என் கையால் தண்ணீர் கொடுத்தேன் என்றார். மோர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அடுத்த இலைக்குப் போனாள். சாகும்வரை அவள் அதைத் திருத்தவே இல்லை.

பதினேழு வருஷமாக அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி அவர் உள்ளங்கையில் இருக்கிறது. இப்போதும் இருந்தது. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

“நான் போய்ச் சேரலம்மா” என்றார்.

வடிவம்மை எழுந்து உள்ளே போனார். அன்றைக்குத் திங்கள்கிழமை இல்லை. ஆனாலும் செம்பை எடுத்து வந்து, அவர் கையைப் பிடித்து நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணீர் ஊற்றினார்.

விரலிடுக்கில் பாதி ஒழுகி வரைபடத்தை நனைத்தது.

மீதியைக் குடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டே கேட்டார்.

“அப்ப, ராஜா?”

“அவரும் அந்த பஸ்லதான் வந்தாரு அண்ணாச்சி. பேரைச் சொல்லிக் குடிங்க.”