அடிபிடித்த பாயசம்

ஆற்றங்கரைச் சத்திரத்துச் சமையற்கட்டைத் திலகவதி ஏற்று நடத்தத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு மாலை அக்கரை ஆசிரமத்துக்குப் போய்க் குருவின் முன் உட்கார்ந்தாள்.

"வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடட்டுமா, ஐயா?"

"என்ன நடந்தது?"

"சத்திரத்தை நிர்வகிக்க இரண்டு மணியக்காரர்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பெரியவர் வத்தக்குழம்பு என்பார். சின்னவர் மோர்க்குழம்பு என்பார். எதை வைத்தாலும் ஒருவர் திட்ட வருவார். யார் செய்தது என்று கேட்பார். நான் பெயரைச் சொன்னதும் அந்த ஆளை அனுப்பிவிடுவார்."

"நீ சொல்வாயா?"

"சொல்லாவிட்டால் எல்லோருக்கும் திட்டு விழுமே. ஆனால் இப்போது அடுப்படியில் வேலை செய்யும் ஐந்து பேரும் என்னிடம் வாயே திறப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் அவர்களை எப்படி நடத்துவது?"

குரு கேட்டார்:

"தினக்கூலிக்கு ஆள் வைப்பது யார்?"

"நான்தான்."

"நாளைக்கு நான் வருகிறேன்."

மறுநாள் காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூலியாள் போலக் குரு வந்துவிட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் மாசிலாமணி நின்றிருந்தார். அவர் கையிலிருந்த கரண்டியைக் குரு வாங்கிக்கொண்டார்.

கிண்டிக்கொண்டே, தாம் ஒருமுறை ஆற்றைக் கடக்கும்போது வேட்டி மட்டும் தனியாக அக்கரை சேர்ந்த கதையைச் சொன்னார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். காய் நறுக்கியவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். திலகவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சமையற்கட்டில் யாரும் சிரித்து அவள் கேட்டதில்லை.

பாயசம் அடிபிடித்துவிட்டது.

வாசனை எட்டியதும் பெரிய மணியக்காரர் வந்து நின்றார்.

"யார் கிண்டியது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாசிலாமணி அரையடி பின்னால் நகர்ந்தார். குரு கரண்டியை வைத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே கைகட்டி நின்றார்.

"பெயரைச் சொல், திலகவதி. இப்போதே வெளியே அனுப்புகிறேன்."

அவள் கைகட்டி நின்ற குருவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது என் அடுப்படி. தவறு என்னுடையது. பந்திக்கு முன் வேறு பாயசம் வந்துவிடும்."

அவர் அவளை நெடுநேரம் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். திட்டி முடித்ததும் அவர் போய்விட்டார்.

யாரும் ஏவவில்லை. ஒருவர் வேறு அடுப்பை மூட்டினார். ஒருத்தி பருப்பை வறுத்தாள். இன்னொருவர் வெல்லத்தை உடைத்தார். மாசிலாமணி மட்டும் திலகவதியின் அருகில் வந்தார்.

"அக்கா, அந்த அண்டா அடி தேய்ந்துபோயிருக்கு. யார் கிண்டினாலும் பிடிக்கும்."

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"சொன்னால், அப்படியானால் நீதான் தேய்த்தாயா என்று கேட்பீர்களோ என்று பயம்."

திலகவதிக்குப் பூவாயியின் நினைவு வந்தது. போன மாதம் இதே அண்டாவில் அடிபிடித்தபோது அவள் சொன்னது பூவாயியின் பெயரைத்தான்; அன்றே பூவாயியை அனுப்பிவிட்டார்கள்.

"பூவாயி வீடு தெரியுமா?"

"மூன்றாவது தெரு."

"நாளைக்குக் கூலிக்கு ஆள் வேண்டும். சாயங்காலம் நானே போய்க் கேட்கிறேன்."

பந்தி நேரத்துக்குப் பாயசம் வந்தது. சின்ன மணியக்காரர் இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, ஏலக்காய் போதவில்லை என்றார். அவர் தலை மறைந்ததும் சமையற்கட்டில் மறுபடி சிரிப்பு எழுந்தது.

குருவை வழியனுப்பத் துறைவரை வந்தாள் திலகவதி.

"வேண்டுமென்றே அடிபிடிக்க விட்டீர்களா, ஐயா?"

"இல்லை அம்மா. எனக்குச் சமைக்கத் தெரியாது."

அவள் சிரித்தாள். பிறகு தயங்கினாள்.

"ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒன்றும் மாறிவிடவில்லை. அங்கே நின்றது நீங்கள் என்பதால்தான் பெயர் சொல்ல வாய் வரவில்லை."

குரு ஓடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நாளைக்கு நான் நின்ற இடத்தில் மாசிலாமணி நிற்பார்" என்றார்.