எழுபது நாள் நாக்கு

குரு என்றால் தாடியும் காவியும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இப்போதே மூடி வைத்துவிடலாம். இதில் வரும் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் ஜெபராணி. தூத்துக்குடியில் ஒரு மாடிவீட்டு அடுப்படியில், சர்க்கரை நோய்க்காரர்களுக்கு, சீனி போடாமல் ஐஸ் செய்யச் சொல்லிக்கொடுக்கிறவர். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அவருக்கும் சர்க்கரை வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசிதான்.

சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் சங்கரலிங்கம். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசில் போட்டுப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட எடை கேட்டிருப்பார் என்று அவர் மனைவி வேலம்மாளே சொல்வாள்.

அந்த வேலம்மாளுக்காகத்தான் அவர் படியேறி வந்தார்.

"டீச்சர், எனக்குப் பத்து நாளைக்குள்ள சேமியா ஐஸ் செய்யப் படிச்சுக் குடுக்கணும்" என்றார். மூச்சு இரைத்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. பத்து நாள் கணக்கு எதுக்கு?"

சங்கரலிங்கம் சொன்னார். வேலம்மாளுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இடது கண் போய்விட்டது. வலது கண்ணாவது நிற்க வேண்டுமானால் சர்க்கரை இறங்க வேண்டும், மாதம் ஒரு ஊசியும் கண்ணில் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி இன்றோடு அறுபது நாள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டிலிருந்த சீனி, கருப்பட்டி, அவல், பேரப்பிள்ளைக்கு வாங்கி வைத்த மிட்டாய் எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். வேலம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டதைத் தின்றாள். சர்க்கரையும் இறங்கிக்கொண்டுதான் வந்தது. நேற்று ராசாத்தி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள்.

"என்ன சொன்னாவ?"

"'தேரன்னைக்கு நான் சேமியா ஐஸ் திங்கத்தான் போறேன். ஒண்ணு இல்ல, நாலு. அதோட இந்தக் கண்ணு ஊசிக்கும் வரமாட்டேன். வாய்க்கு ருசியா ஒண்ணுமில்லாம எதைப் பாக்கதுக்கு எனக்கு இந்தக் கண்ணு'ன்னுட்டா டீச்சர். ஆறு வயசுலேந்து தேரன்னைக்கு ஐஸ் திங்காம இருந்ததில்லையாம்."

"சும்மா கோவத்துல சொல்லியிருப்பாவ."

"நாப்பது வருஷத்துல அவ சும்மா ஒண்ணும் சொன்னதில்ல."

ஜெபராணி எழுந்தார். வழுக்கைப் பதத்தில் இருந்த இளநீர்த் தேங்காயை எடுத்துச் சின்னக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். சீவினார் என்று சொன்னால் போதாது. வேகவைத்த சேமியா எப்படி இருக்குமோ, அதே பருமனில், அதே வழவழப்பில், இழை இழையாகத் தட்டில் வந்து விழுந்தது. சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சேமியாதான். சத்தியம் செய்யச் சொன்னால் சேமியா என்றே செய்திருப்பார்.

பிறகு கெட்டித் தேங்காய்ப்பால். தண்ணீர் விடாத முதல் பால். ஏலக்காய் ஒன்று. உப்பு விரல் நுனியில். சீவிய வழுக்கையைப் போட்டுக் கலக்கி அச்சில் ஊற்றிக் குச்சி செருகிக் குளிர்பெட்டிக்குள் வைத்தாயிற்று.

"எத்தனை கிராம் டீச்சர்?"

"தெரியாது அண்ணாச்சி."

"இனிப்புக்கு?"

"போட்டாச்சே."

அவர் எதைப் போட்டார் என்று சங்கரலிங்கத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

முந்தின நாள் செய்து வைத்த ஐஸ் ஒன்றை ஜெபராணி எடுத்து வெளியே வைத்தார். சீனி இல்லாத ஐஸ் கல்லாகத்தான் உறையும், எடுத்தவுடன் கடித்தால் பல்லுக்குத்தான் கேடு, ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும் என்றார். பொறுத்தார்கள். சங்கரலிங்கம் ஒரு வாய் கடித்தார். இன்னொரு வாய் கடித்தார். நாக்கைப் புரட்டினார்.

"எப்படி இருக்கு?"

"தப்பா எடுத்துக்காதிய டீச்சர். ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. பச்சத் தண்ணியை உறைய வச்ச மாதிரி."

"அப்படியா" என்றார் ஜெபராணி. மீதி ஐஸையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடிக் குளிர்பெட்டியின் அடியில் தள்ளி வைத்தார். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் சங்கரலிங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். டீச்சர் கைத்திறமைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் இனிப்பில் கோட்டை விட்டுவிட்டார். அதை நாம் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். நாட்டுமருந்துக் கடையில் சீனித்துளசிப் பொடி வாங்கினார். சர்க்கரையை ஏற்றாது, ஆனால் சீனியைப்போலப் பல மடங்கு இனிக்கும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் தராசு எடுத்து வைத்தார்.

முதல் தடவை கால் கிராம் போட்டார். ருசி பார்த்தார். இனிப்புப் பற்றவில்லை. இரண்டாம் தடவை அரை. பற்றவில்லை. மூன்றாம் தடவை ஒரு கிராம் முழுசாகப் போட்டபோதுதான், பரவாயில்லை, ஐஸ் மாதிரி இருக்கிறது என்று அவருக்கே திருப்தி வந்தது. வேலம்மாள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் ஒரு வாய் வைத்தாள். முகம் சுருங்கியது. தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வேப்பங்கொழுந்தை எதுக்கு ஐஸுல அரைச்சிய?"

"கசக்கா?"

"நீங்களே தின்னு பாருங்க."

தின்று பார்த்தார். அவருக்குக் கசக்கவில்லை. இவள் வீம்புக்குச் சொல்கிறாள், தேரன்று கடை ஐஸ் தின்பதற்குச் சாக்குத் தேடுகிறாள் என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. தேருக்கு இன்னும் நாலே நாள். மூன்றாம் தடவை செய்த ஐஸை டப்பாவில் அடைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

ஜெபராணி ஒரு வாய் தின்றார்.

"கசக்கு அண்ணாச்சி."

"நீங்களுமா?" சங்கரலிங்கம் உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், எனக்கு இது கசக்கலை. இன்னும் கொஞ்சம் போட்டாக்கூட நல்லாத்தான் இருக்கும்."

"களைச்சு வந்திருக்கிய. ஒரு டீ குடிங்க."

டீ வந்தது. சங்கரலிங்கம் ஒரு மடக்குக் குடித்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மரியாதைக்காக விழுங்கினார்.

"சீனி போடலை" என்றார் ஜெபராணி.

"தெரியுது."

"வீட்டுலயும் இப்படித்தான குடிக்கிய?"

"வீட்டுல நான் டீயே குடிக்கிறதில்ல. அவளுக்கு முன்னால எப்படிக் குடிக்க?"

"பொறகு?"

சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"முக்குக் கடையிலதான்."

"எத்தனை?"

"முன்னால மூணு. இப்ப ஆறு." பிறகு அவரே சொன்னார். "சீனி தூக்கலா. கூட ஒரு தேங்காய் பன்னும்."

வீட்டு வாசலுக்கு உள்ளே இரண்டு மாதமாக மகா முனிவர். தெருமுக்கைத் திரும்பிவிட்டால் ஆள் வேறு. இதை அவர் தப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நோய் அவளுக்குத்தானே, நமக்கு என்ன என்றுதான் இருந்தார்.

ஜெபராணி அவரை ஏசவில்லை. டீக் கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

"மூணு நாள் சீனி, வெல்லம், பன்னு எதுவும் தொடாம இருந்துட்டு வாங்க."

"நானா? எனக்குச் சர்க்கரை இல்லையே டீச்சர். ஐஸுக்கு அளவு மட்டும் சொல்லிருங்க. தேருக்கு நாள் இல்ல."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

முதல் நாள் சங்கரலிங்கத்துக்குத் தலை வலித்தது. முக்குக் கடைக்காரர் வழக்கமான கிளாஸை நீட்டியபோது, வேண்டாம் என்று சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள் எதற்கெடுத்தாலும் எரிச்சல். பால்காரரோடு சண்டை. ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். எதிரே வேலம்மாள் அதே சோற்றை, அதே கீரையை, சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தாள். இவள் இப்படி அறுபத்தேழு நாள் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையிலிருந்த உருண்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். என்ன என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை, காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

நாலாம் நாள், தேருக்கு முதல் நாள் காலையில், ஜெபராணி ஒரு ஐஸை வெளியே எடுத்து வைத்தார். ஐந்து நிமிஷம் பொறுத்தார்கள்.

சங்கரலிங்கம் கடித்தார்.

முதலில் குளிர்ச்சிதான் தெரிந்தது. அது அடங்கியதும் நாக்கின் இரண்டு ஓரத்திலும் மெதுவாக ஒன்று வந்தது. தேங்காய்ப்பாலின் இனிப்பு. அதற்குப் பின்னால், வழுக்கை இழை ஒவ்வொன்றும் பல்லில் மாட்டும்போது வேறு ஒரு இனிப்பு, இளநீர் வாசத்தோடு. உப்பு ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு இரண்டையும் எடுத்துக் காட்டியது. ஏலக்காய் கடைசியில் வந்து சேர்ந்தது. அறுபத்தொரு வருஷமாகத் தேங்காய் தின்கிற ஊரில் பிறந்து தேங்காய் தின்றே வளர்ந்த மனுஷன், தேங்காய் இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். குச்சியை நக்கினார்.

"டீச்சர், இதுல என்ன போட்டிய?"

"ஒண்ணும் போடல அண்ணாச்சி."

"சும்மா சொல்லாதிய. அன்னைக்குத் தந்ததுல இது இல்ல. இது வேற."

ஜெபராணி டப்பாவைத் திருப்பிக் காட்டினார். அவர் முதன்முதலில் வந்த அன்று, அவர் கண் முன்னாலேயே மூடி, குளிர்பெட்டியின் அடியில் தள்ளி வைத்த அதே டப்பா.

"அன்னைக்கு வச்சதுதான். நீங்க பச்சத் தண்ணின்னு சொன்னது."

சங்கரலிங்கம் குச்சியையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் லேபில் எத்தனையோ நிறம் மாறிப் பார்த்திருக்கிறார். தன் வாய்க்குள்ளேயே ஒன்று மாறியதை அவர் பார்த்ததில்லை. கைகூப்பினார். தன் மகள் வயசுள்ள ஒருத்தியைக் கும்பிடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"கும்புடுறதை விடுங்க. வழுக்கை நல்லதா கிடைக்கணும்னா இப்பவே சந்தைக்குப் போங்க" என்றார் ஜெபராணி.

அன்று மத்தியானம் சங்கரலிங்கமே சீவினார். இழை கொஞ்சம் தடிமனாகத்தான் வந்தது. தராசை எடுக்கவில்லை. எல்லாம் கலந்து அச்சில் ஊற்றப் போகும்போது மனசு கேட்கவில்லை. நமக்கு இனிக்கிறது, அவளுக்கும் இனிக்க வேண்டுமே, நாளைக்கு விட்டால் வேறு நாள் இல்லையே என்று, சீனித்துளசிப் பொடியில் கடுகளவு, கடுகிலும் பாதியளவு, நகத்தில் எடுத்துத் தூவிக் கலக்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் தேர் அவர்கள் தெரு முனைக்கு வந்து நின்றது. கொட்டுச் சத்தமும் குலவைச் சத்தமும் வீட்டுக்குள் கேட்டன. ஐஸ் வண்டிகள் மணியடித்துக்கொண்டு வரிசையாகப் போயின. வேலம்மாள் புதுச் சேலை கட்டி வாசலில் நின்றாள். வலது கண்ணுக்கு நேராகத் தேர் வரும்படி தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தாள். சங்கரலிங்கம் இரண்டு குச்சியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"உங்க டீச்சர் செஞ்சதா, நீங்க செஞ்சதா?"

"நான்தான்."

"அப்ப கசக்கும்."

"தின்னுட்டுச் சொல்லு. கசந்தா நானே வண்டியில வாங்கித் தாறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. வார்த்தை போய்விட்டது, திருப்ப முடியாது. வேலம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாங்கிக் கடித்தாள். மென்றாள். ஒரு வண்டி அவளுக்கு நேர் எதிரே வந்து நின்று, மணியடித்து, கொஞ்சம் நின்று, போனது. அவள் குச்சி வரைக்கும் தின்றாள். சங்கரலிங்கம் தன் கையிலிருந்த ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்ததைக் கவனிக்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள். பிறகு, "இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"என்னது?"

"பொடி போட்டியளோ?"

"கடுகளவு. அதுலயும் பாதி."

"அடுத்த தடவை அதுவும் வேண்டாம். தேங்காயே இவ்வளவு இனிக்குல்லா." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேரைப் பார்த்தாள். "கண்ணு ஊசி வியாழக்கிழமைதான? ஆட்டோவுக்கு இப்பவே சொல்லிவச்சிருங்க. அன்னைக்குக் கடைசி நேரத்துல அலைய முடியாது."

மறுநாள் காலையில் சங்கரலிங்கம் ஜெபராணி வீட்டுப் படியில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடுகளவு என்கிற இடத்தில் நகத்தைக் காட்டினார்.

"பொறகு நானும் ஒண்ணு தின்னேன். எனக்கு அதுல பொடி இருந்ததே தெரியல டீச்சர். போட்டவன் நான், எனக்கே தெரியல. அவ ஒரு வாயிலயே கண்டுபிடிச்சுட்டா. இத்தனை நாள் நான் அவளுக்கு ருசி காட்டணும்னு கெடந்து அலைஞ்சேன்."

ஜெபராணி அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மதினி 'தூக்கல்'னா சொன்னாவ?"

"ஆமா."

அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அடுத்ததா பால் ஐஸ் செய்யலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றார் சங்கரலிங்கம். "அதுக்கு எப்படின்னு சொல்லித் தருவியளா?"

"இனிமே படிக்க இங்க வராதிய அண்ணாச்சி."

"தப்பா ஏதும் சொல்லிட்டனா?"

"ஊசி போட்டுக்கிடலாம்ங்கிற தைரியத்துல, மாசத்துல ரெண்டு நாளாவது நான் ஒரு மிட்டாயைப் பிரிச்சிருவேன். எழுபது நாள் இனிப்பு தொடாம நான் இருந்ததே இல்ல" என்றார் ஜெபராணி. "ருசியை மதினிகிட்டக் கேளுங்க. எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வாங்க."