திரும்பிப் பாக்காம போன செங்கமலம்

ஒரு ஊர்ல ஒரு வெயில் இருந்துச்சு. என்ன சிரிக்கிற? நிசமாத்தான். வெயிலத் தவிர அந்த ஊர்ல சொல்லிக்கிற மாதிரி வேற ஒண்ணும் இல்ல. அங்க செங்கமலம்னு ஒரு பாப்பா, உன்னைய விடச் சின்னவ. அவ அம்மா பேரு வடிவு, அப்பா பேரு ஆவுடையப்பன். அப்பா சமையக்காரர். ம் சொல்லு.

"ம்."

அப்போ வடக்க எங்கயோ ஒரு பனிமலை. அங்க ஒரு ஹோட்டல்ல இட்லி ஊத்த ஆள் வேணும்னாங்க. பனிமலையில எவன்டா இட்லி கேக்கறான்? எனக்கும் தெரியல. கூப்பிட்டாங்க, மூணு பேரும் போனாங்க. ஹோட்டல் மலைக்குக் கீழ. இவங்களுக்குக் குடுத்த வீடு மலைக்கு மேல. நடுவுல ஒரு பாதை. அப்புறம் ஒருநாள் அப்பா கீழ வேலைக்குப் போயிருக்கறப்ப பொத பொதன்னு பனி கொட்டி, அந்தப் பாதையே காணாமப் போச்சு. அப்பா கீழயே மாட்டிக்கிட்டாரு. அம்மாவும் பாப்பாவும் மேல.

"அப்பா ஏறி வரலாம்ல, பெரியம்மா?"

எப்படி ஏறுவாரு? கால வச்சா இடுப்பு வரைக்கும் உள்ள போகுது. அந்த மலையில சனங்க நடக்கறதே இல்ல. காலுக்கு ஒண்ணா நீளமா ரெண்டு கட்டை. ஸ்கீயாம். அதை மாட்டிக்கிட்டுச் சர்ர்ர்ருன்னு கீழ போறாங்க. மேல வர ஒரு கயிறு ஓடுது, கட்டையோட நின்னு பிடிச்சுக்கிட்டா இழுத்துட்டு வந்துரும். அப்பாவுக்கு இட்லி ஊத்தத் தெரியும், கட்டையில நிக்கத் தெரியாது. ஆனா அந்த ஊர் வாண்டுங்க இருக்கே, நேத்து வரைக்கும் தொட்டில்ல கிடந்ததுங்க, மூக்குல சளி ஒழுக ஒழுக சர்ர்ர், சர்ர்ர்! வடிவுக்குத் தலையே சுத்திருச்சு. நம்ம ஊர்ல குழந்தை வழுக்குனா ஓடிப்போய்த் தூக்குவோம். அங்க வழுக்கறதுக்குன்னே வாத்தியார் வச்சிருக்காங்க!

வாத்தியார்னா ஒரு பொண்ணு. தோல்மான்னு பேரு. கன்னம் ரெண்டும் தக்காளிப்பழம். செங்கமலம் அவ கையப் பிடிச்சு, 'நான் அப்பாகிட்டப் போகணும்'னா. தோல்மா சொன்னா, 'இன்னைக்கு நானே தூக்கிட்டுப் போயிருவேன். ஆனா நாளைக்கு நான் வேற மலைக்குப் போறேன். நீயா சறுக்கக் கத்துக்கிட்டா தினம் அப்பாவப் பாக்கலாம். இல்லைன்னா பனி உருகற வரைக்கும் கிடையாது.' பனி எப்ப உருகும்? சித்திரையிலயாம். அப்போ மார்கழி.

அப்புறம் மொத தடவை. பிள்ளைக்குக் குளிரக் கூடாதுன்னு வடிவு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல அப்பாவோட ஸ்வெட்டர், தலைக்குக் குரங்குக் குல்லா, குல்லாவுக்கு மேல துண்டு. தோல்மா, 'முட்டிய மடக்கு பாப்பா'ங்கறா. முட்டி எங்க இருக்கு? யாருக்குத் தெரியும்? 'முன்னாடி நுனி ரெண்டையும் கிட்ட வச்சு, பின்னாடி அகட்டு. அப்பத்தான் நிக்கும்'ங்கறா. நேரா வச்சா ஓடுமாம், கோணலா வச்சா நிக்குமாம். எனக்கே இன்னும் குழப்பமாத்தான் இருக்கு. பாப்பா நின்னா, ஆடினா, டமால்! உருண்டா பாரு, தலை எது கால் எதுன்னு தெரியாம, கோணி மூட்டை மாதிரி. தோல்மா ரெண்டு ஸ்வெட்டரக் கழட்டினா. வடிவு திரும்ப மாட்டினா. தோல்மா திரும்பக் கழட்டினா.

"ம்... அப்புறம்?"

அப்புறம் ரெண்டாவது தடவை. இப்போ முட்டி மடங்குது. பாப்பா சமத்தாத் தலையக் குனிஞ்சு, காலையே பாத்துக்கிட்டுப் போனா. பொத்! மூக்கு பனிக்குள்ள. 'ஏன் கீழ பாக்கற?'ன்னா தோல்மா. 'கீழ பாத்து நடன்னு அம்மா சொல்லிருக்காங்க'ன்னா பாப்பா. ஆமா, சொல்லாம? எல்லா அம்மாவும் சொல்றதுதான். பாக்கலைன்னா முள்ளு குத்தும், சாணிய மிதிப்ப. தோல்மா தலையில அடிச்சுக்கிட்டா. 'இங்க முள்ளும் இல்ல, சாணியும் இல்ல. நீ எங்க பாக்கறியோ அங்கதான் கட்டை போகும். தரையப் பாத்தா தரைக்கு. அப்பாவப் பாத்தா அப்பாகிட்ட.' வடிவு விடுவாளா? 'அது எப்படிங்க? கண்ணு எங்கயோ இருந்தா கால் தடுக்காதா?'ன்னா. இவ ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, பாப்பா உதட்டப் பிதுக்கிக்கிட்டு, 'நான் யார் சொல்றதக் கேக்கறது?'ன்னு ஓன்னு அழுதுட்டா. பாவம், நாலு வயசு. பெரியவங்க நாங்கதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் குழந்தைங்கள அழ வைக்கிறோம்.

அப்போ கீழ ஹோட்டல் பின்கதவு கிரீச்சுன்னு திறந்துச்சு. அப்பா! மாவுக் கையோட வெளிய வந்து, 'கண்ணூ'ன்னு கைய ஆட்டினாரு. மேல இருந்து பாத்தா விரல் அளவுக்குத்தான் தெரியறாரு. சாப்பாட்டு மணி அடிச்சா அவரு மறுபடி உள்ள போயிடணும்.

மூணாவது தடவை. பாப்பா கண்ணத் துடைச்சா, அப்பாவையே பாத்தா. சர்ர்ர்... அட, போறா! தோல்மா அவளுக்கு முன்னாடி, முதுகக் கீழ பக்கம் காட்டிக்கிட்டுச் சறுக்கறா. அது எப்படின்னு என்னையக் கேக்காத. மேல வடிவு ரெண்டு எட்டு முன்னால வந்தா. தன்னை அறியாம, 'ஏய் செங்கமலம்! மெதுவாடீ!'ன்னு கத்திட்டா. அம்மா கூப்பிட்டா பிள்ளை திரும்பாதா? திரும்பினா. கண்ணு திரும்புச்சு, கட்டையும் திரும்புச்சு, சடார்னு போய் ஓரத்துல கட்டியிருந்த வலையில விழுந்து மாட்டிக்கிட்டா.

"ஐயோ. அடியா?"

உதட்டுல லேசா ரத்தம். கயித்தப் பிடிச்சு மறுபடி மேல வந்தா. வடிவு அப்படியே நின்னுட்டா. ஏன் தெரியுமா? ஊர்ல புருஷன் வேலைக்குக் கிளம்பினா அவ பின்னாடி இருந்து ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. குடைய மறந்துட்டுப் போனாக்கூட, சுத்திக்கிட்டு ஓடி முன்னாடி போய் நின்னுதான் குடுப்பா. போறவங்களப் பின்னால கூப்பிடக் கூடாதுன்னு அவங்க வீட்டுல அவ்வளவு கண்டிப்பு. அப்படிப்பட்டவ இங்க பெத்த பிள்ளையக் கூப்பிட்டுட்டாளே! தோல்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. வடிவே பிள்ளை உதட்டத் துடைச்சுவிட்டா. 'போயிட்டு வாடா'ன்னா. பிள்ளை தலையில இருந்த துண்ட எடுத்துச் சுருட்டி, தன் வாயில வச்சு அமுக்கிக்கிட்டா.

"ம்..."

சர்ர்ர்... பாப்பா போறா. ஒரு மேடு, டொக்! விழல. ஒரு வளைவு, விழல. 'ஐயோ' வடிவுக்குத் தொண்டை வரைக்கும் வருது, துண்டக் கடிக்கிறா. பாப்பா சின்னதாகிக்கிட்டே போறா. கீழ அப்பா ரெண்டு கையையும் விரிச்சு நிக்கறாரு. நிறுத்தறதுக்குக் கோணலா வைக்கணுமா நேரா வைக்கணுமான்னு பாப்பாவுக்கு மறந்தே போச்சு. நேரா போய் அப்பா வயித்துல டங்! ரெண்டு பேரும் பனியில மல்லாக்க. அப்பா சிரிக்கிற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. மணி அதுக்கப்புறம்தான் அடிச்சுச்சு.

மேல வடிவு துண்ட வாயில இருந்து எடுத்தா. கண்ணுல தண்ணி கொட்டுது. பிள்ளை விழாமப் போய்ச் சேந்துட்டா, சந்தோஷம்தான். ஆனா ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கலையே! பாக்கக் கூடாதுன்னுதானே அவ துண்டக் கடிச்சா? அப்படியும் நெஞ்சு வலிக்குது. இது சந்தோஷமா வருத்தமான்னு அவளுக்கே புரியல. எனக்கும் புரியலடா ராசா.

"பெரியம்மா... நான் போனா திரும்பிப் பாப்பேன்."

பாக்கக் கூடாது தங்கம். பாத்தா விழுந்துருவ.

"விழுந்தாலும் பாப்பேன்."

சரி, பாரு. விழுந்தா நான் வந்து தூக்கறேன். செங்கமலம் அப்பா மடியில தூங்கிட்டா, கதையும் பனிக்குள்ள பொதஞ்சு தூங்கிருச்சு. நீ மட்டும் என்ன முழிச்சுக்கிட்டு? போர்வைய உதைக்காத. கண்ண மூடு.